அக்காவின் குரல் பிசிறிய இடம்

ஆஸ்பத்திரியில் அவள் குரலுக்குத் தனி மரியாதை இருந்தது. "டோக்கன் முப்பத்தேழு, எலும்புப் பிரிவு" என்று ஒலிபெருக்கியில் அவள் சொன்னால் அசந்து தூங்குகிற நோயாளியும் எழுந்து நடப்பான் என்பார்கள். பதினான்கு வருடமாக அந்தக் கண்ணாடிக் கூண்டில்தான் வேலை. வீட்டில் அவளும் தம்பியும் மட்டும்.

தம்பி பல்செட் செய்கிறவன். கை மெழுகில் ஈறு வார்த்துக்கொண்டிருக்கும், காது வேறெங்கோ இருக்கும். ஸோல், ஜாஸ் போன்ற மேற்கத்திய இசை, பிரேசில் தாளத்தைக் கணினியில் குழைத்த எலெக்ட்ரானிக் ஆல்பங்கள் என்றால் உயிர். ஞாயிறு காலை வானொலியில் ஒரு விமர்சகர் 'கேட்க வேண்டிய ஆல்பங்கள்' சொல்வார். அவர் சொன்னது அவனுக்கு வேதவாக்கு.

ஆறு வருடம் மெனக்கெட்டு அவனும் ஓர் ஆல்பம் செய்தான். பாடுவதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. எதிரொலி வராமலிருக்க அக்காவைத் துணி அலமாரிக்குள் நிற்கவைத்துப் பாடச் சொன்னான். வார்த்தையே இல்லாத பாட்டுகள். கடைசிப் பாட்டன்று அவளுக்குச் சளி. மேலே போகும்போது குரல் பிசிறி உடைந்தது.

"திரும்பப் பாடிடறேன்டா."

"வேணாங்க்கா. அதுலதான் உயிர் இருக்கு."

விமர்சகருக்கு அனுப்பினான். வரும் ஞாயிறு போடுவதாகப் பதில் வந்தது. அன்று இருவரும் குளித்து, நல்ல துணி உடுத்தி, யாரோ வீட்டுக்கு வரப்போவதைப் போல வானொலி முன்னால் உட்கார்ந்தார்கள்.

"இந்த வாரம் ஒரு அபூர்வம்" என்று ஆரம்பித்தார் விமர்சகர். "பிரேசிலுக்குக் கிளம்பி, தெருமுனையிலேயே பஞ்சர் ஆன வண்டி. கேளுங்க!"

பிசிறிய இடத்தை மட்டும் மூன்று தடவை ஓட்டினார். "யாராச்சும் அந்தம்மாவுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் குடுங்களேன்." கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

தம்பி அசையவில்லை. அவள்தான் எழுந்து வானொலியை அணைத்தாள்.

அந்த ஒலித்துண்டு கைபேசிக்குக் கைபேசி தாவியது. புதன்கிழமை அவள் "டோக்கன் பத்தொன்பது" என்றதும் வரிசையிலிருந்து ஒருவன் அதேபோலக் குரலை உடைத்துக் காட்டினான். கூடமே சிரித்தது. வயிற்றில் தையல் போட்ட ஒருவர் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் மேலாளர் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஃபைல் ரூம்ல ஆள் குறையுது."

ஃபைல் ரூமில் பேசுவதற்கு ஆளே கிடையாது. அன்று வீட்டுக்கு வந்து சொன்னாள்: "அந்தப் பாட்டை நெட்லேருந்து எடுத்துடுடா."

"நாப்பதாயிரம் பேர் கேட்டிருக்காங்கக்கா."

"கேக்கலடா, சிரிக்கறாங்க."

"சிரிக்கறதுக்காச்சும் கேக்கறாங்கல்ல?"

அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் வெட்கம் தீர்ந்துபோய் வேறு ஏதோ வந்திருந்தது.

அடுத்த மாதம் வானொலி நிலையத்தின் ஆண்டு விழா மேடையில் தம்பி வாசித்தான். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி கைபேசியில் காட்டித்தான் தெரிந்தது. கணினிக்கு முன்னால் நின்று அவன் ஒரு பொத்தானைத் தட்டத் தட்ட, அக்காவின் குரல் உடைந்து உடைந்து வந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அவன் குனிந்து வணக்கம் வைத்தான். பக்கத்தில் விமர்சகர் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டிருந்தார்.

அவள் சண்டை போடவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், ஃபைல் ரூமுக்குப் போய்வந்தாள்.

ஒரு நாள் மாலை அவன் ஓர் இளம்பெண்ணை வீட்டுக்கு அழைத்துவந்தான். அடுத்த ஆல்பத்துக்குப் பாடப்போகிறவள்.

"அந்தப் பிசிறு இவளுக்கு வரமாட்டேங்குதுக்கா. ஒரு தடவை பாடிக் காட்டேன்."

"மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி, நானும் எவ்வளவோ முயற்சி பண்ணிட்டேன்" என்றாள் அந்தப் பெண், நிஜமான மரியாதையோடு.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நின்றபடியே பாடினாள். உச்சிக்குப் போனபோது குரல் உடையவில்லை. கண்ணாடி மாதிரி சுத்தமாக ஏறி, நின்று, இறங்கியது. அந்தப் பெண் தன்னை மறந்து கைதட்டினாள்.

தம்பி உதட்டைப் பிதுக்கினான். "இது வேண்டாங்க்கா. இப்படி யார் வேணா பாடுவாங்க."

அந்தப் பெண் எப்படியோ பிசிறக் கற்றுக்கொண்டாள். அந்த ஆல்பத்தை வருடத்தின் கேட்க வேண்டிய பத்தில் ஒன்றாக விமர்சகர் சேர்த்தார். "இந்தக் குரல்ல ஒரு நேர்மை இருக்கு" என்றார், சிரிக்காமல்.

அப்போது அக்கா ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோயிருந்தாள். தம்பி ஒரே ஒரு தடவை வந்தான். சளி பிடித்தால் மறக்காமல் தகவல் சொல்லச் சொல்லிவிட்டுப் போனான்.