லாட்ஜ் அக்கா கிளப்பிய புரளி

செம்புச் சுரங்கம் ஓடிய காலத்தில் லாட்ஜ் அக்காவின் கட்டில்கள் ஆறியதே இல்லை. காலை ஷிஃப்ட்டுக்காரன் எழுந்து போன சூட்டிலேயே இரவு ஷிஃப்ட்டுக்காரன் வந்து விழுவான். ஒரே தலையணையை வருஷக்கணக்கில் பங்கு போட்டுக்கொண்ட இருவர் கடைசியில் ஒரு கல்யாண வீட்டில்தான் முகம் பார்த்து அறிமுகமானார்கள். இடம் கேட்டு வருகிறவனை வாசலிலேயே நிறுத்தி, "குறட்டை விடுவியா?" என்று விசாரித்த பிறகுதான் அக்கா உள்ளே விடுவாள். அவ்வளவு கிராக்கி.

பிறகு செம்பு விலை படுத்துக்கொண்டது. கம்பெனி "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது" என்று ஒரு பலகையைக் கேட்டில் மாட்டியது. இரண்டு மழையில் முன்னும் பின்னும் எழுத்துகள் அழிந்து, நடுவில் "காலி" மட்டும் பளிச்சென்று மிஞ்சியது. ஊரும் அப்படியே ஆனது. பேருந்து ஒன்று குறைந்தது, முடிதிருத்துபவர் தன் சுழல் நாற்காலியோடு வேறு ஊருக்குக் கம்பி நீட்டினார், லாட்ஜின் எட்டு அறைகளும் காற்று வாங்கின.

அக்காவின் கணவர் சுரங்கத்தில் ஆளிறக்கும் லிஃப்ட்டை இயக்கியவர். நாளெல்லாம் மேலும் கீழும் போய்வந்த மனிதர், இப்போது நாற்காலியை விட்டு எழாமல் ஒரு வாரத் தாடியோடு உட்கார்ந்திருந்தார்.

கட்டடத்தை விற்றுவிடலாம் என்று அக்கா முடிவு செய்தாள். வந்த ஒரே ஆள் பழைய இரும்பு வியாபாரி. அறை அறையாகச் சுற்றிப் பார்த்தவர், கடைசியில் கட்டில் காலை விரலால் தட்டினார்.

"கட்டிடம் வேண்டாம்மா. கட்டில், ஜன்னல் கம்பி, அந்த கேட்டு, இதெல்லாம் எடுத்துக்கறேன்."

"என் பல்லுல ரெண்டு கம்பி போட்டுக் கட்டியிருக்கேன், அதையும் பிடுங்கிக்கறீங்களா?" என்று அக்கா அவரை வாசல் வரை வழியனுப்பினாள்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த வாரம் அவள் தம்பி விடுமுறைக்கு வந்திருந்தான். சாலை அளக்கும் வேலை அவனுக்கு. மூன்று கால் ஸ்டாண்டும் அளவுக் கருவியும் வண்டியிலேயே கிடந்தன. மறுநாள் காலை அக்கா அவன் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்தாள்.

"கடைத்தெரு நடுவுல போய் நின்னு அதுக்குள்ள பாரு."

"எதை அக்கா பார்க்கறது?"

"எதையாவது பாரு. நடுநடுவுல குனிஞ்சு ஒரு கல்லை எடுத்து மோந்து பாரு."

"யாராவது கேட்டா?"

"சொல்லக்கூடாதுன்னு உத்தரவுன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை வாயைத் திறந்த, மதியம் சாப்பாடு கிடையாது."

தம்பி உத்தரவுப்படியே நின்றான், மோந்தான். மதியத்துக்குள் ஊருக்கடியில் தங்கம் இருந்தது. சாயங்காலம் டீக்கடையில் அது தங்கமில்லை, போன் பேட்டரிக்குள் போடுகிற ஏதோ ஒன்று, தங்கத்தைவிட உசத்தி என்று திருத்தினார்கள். கண், காது, மூக்கு வைத்து அந்தச் செய்தி அக்காவிடமே திரும்பி வந்தபோது அவளாலேயே அதை அடையாளம் காண முடியவில்லை.

பலன் கைமேல் கிடைத்தது. வெளியூர் நிலத் தரகர்கள் நான்கு பேர் வந்து அறை எடுத்தார்கள். பழைய இரும்பு வியாபாரியும் வந்து வாசலை ஒட்டிய அறையைப் பிடித்துக்கொண்டார். தரகர்களில் ஒருவர் கட்டடத்தையே நல்ல விலைக்குக் கேட்டார். அக்கா முந்தானையால் சிரிப்பை மறைத்துக்கொண்டு கணவரைத் தேடிப் போனாள். அவர் கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"விக்கறதா? சுரங்கம் திறக்கப்போற நேரத்துலயா? உனக்கென்ன பைத்தியமா?"

வேறு வழியில்லாமல் அவள் உண்மையைச் சொன்னாள். தம்பியையும் இழுத்து வந்து சொல்ல வைத்தாள்.

"சத்தியமா மாமா, அந்தக் கருவியில பேட்டரி கூட இல்ல. எதிர்வீட்டுக் கொடியில காயற லுங்கியைத்தான் பார்த்துட்டு நின்னேன்."

கணவர் பாதி நுரை முகத்தோடு அவனைப் பார்த்துக் கண்ணடித்தார். "அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க. புரியுது. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவர் எழுந்து நடமாடுவதையும் பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிடுவதையும் பார்த்தபிறகு, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

விளையாட்டு வினையானது ஒரு போனில். பழைய காலை ஷிஃப்ட்டுக்காரன் ஒருவன் பேசினான். சுரங்கம் மூடியதும் தூரத்து ஊரில் பிஸ்கட் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தவன்.

"அக்கா, விஷயம் கேள்விப்பட்டேன். நாளைக்கு இங்க வேலையை ராஜினாமா பண்ணிட்டு வர்றேன். பொண்டாட்டி பிள்ளைங்களோட வர்றேன், பெரிய ரூமா வைங்க."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "வராதேடா. எல்லாம் நான் கட்டிவிட்ட கதை. இங்க பழைய கல்லும் மண்ணும்தான் இருக்கு."



"நாளைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா அக்கா? இன்னிக்கு ஒரு நாளாவது சந்தோஷமா இருந்திருப்பேன்."

அவன் திட்டியிருந்தால் அக்கா திருப்பித் திட்டியிருப்பாள். போனை வைத்தவள் அடுப்பை அணைத்துவிட்டு நேராக இரும்பு வியாபாரியின் அறைக் கதவைத் தட்டினாள். முதலில் அவரிடம், பிறகு தரகர்களிடம் என்று ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டுவிடுவது என்று நினைப்பு. பாதி சொல்வதற்குள் அவர் கையமர்த்தினார்.

"அது ரோடு அளக்கற சாமான்னு எனக்கு முதல்லயே தெரியும்மா. அந்த மாதிரி பத்து உருப்படியை எடைக்குப் போட்டிருக்கேன்."

"அப்புறம் எதுக்கு இங்க ரூம் எடுத்து உக்காந்திருக்கீங்க?"

"கம்பெனிக்காரங்க சுரங்கத்துக்கு மேல இருக்கற இரும்பையெல்லாம் ஏலம் விட்டாங்க. போட்டிக்கு வரவேண்டியவனெல்லாம் தரைக்குக் கீழ என்ன இருக்குன்னு பார்த்துட்டிருந்தான். நான் தரைக்கு மேல பார்த்தேன். மொத்தமும் இப்ப என்னுது."

அக்கா வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் வசதியாக உட்கார்ந்தாள்.

"அப்ப நீங்களும் கூட்டாளி. இதை அந்த நாலு தரகருங்க கிட்டயும் சொல்லவா? பாவம், நிறைய செலவு பண்ணியிருக்காங்க. கோபக்காரங்க வேற."

"என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"கழட்டற வேலைக்கு வெளியாள் ஒருத்தன் வரக்கூடாது. இந்த ஊர்ல சும்மா இருக்கறவங்களைத்தான் வைக்கணும். லாரிக்காரங்க, கிரேன்காரங்க எல்லாம் இங்கதான் தங்கணும்."

"வட்டிக்கடை வச்சிருக்க வேண்டியவங்க நீங்க," என்றார் வியாபாரி. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

தரகர்களைப் பிறகு அக்கா தனித்தனியே கூப்பிட்டு, அடியில் ஒன்றுமில்லையாம் என்று காதைக் கடித்தாள். மற்ற மூவருக்கும் தெரியாமல் நழுவுவதாக நினைத்து நால்வரும் ஒரே பேருந்தில் ஏறினார்கள்.

சுரங்கத்தின் எலும்பையெல்லாம் கழற்றி முடிக்க இரண்டு வருஷம் பிடித்தது. ஊரில் முப்பது பேருக்கு அதில் பிழைப்பு நடந்தது. லிஃப்ட்டைக் கழற்றும் பொறுப்பு அக்காவின் கணவருக்கு. அவர் இயந்திரத்தை ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுத்தார். அவருக்கு வருத்தமாக இருக்குமே என்று அக்கா அன்று கூடவே போய் நின்றாள்.

"பழசைக் கழட்டினாத்தானே புதுசு மாட்ட முடியும்," என்று அவர் அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

அவள் அடுத்த ஸ்பானரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். லாட்ஜில் கிரேன்காரன் எவனோ புதுத் துண்டில் கிரீஸைத் துடைத்து வைத்திருந்தான். அவனை ஒரு கை பார்க்க அவள் வேகமாக நடந்தாள்.