பலூன் போட்ட கடதாசிக் கப்

இலங்கைச் சண்டைக்காரர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க நோர்வே படாதபாடு பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒஸ்லோவில் எங்கள் வீட்டு மேசையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது.

அப்பாவுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். இருவரும் ஒரே ஊர். ஒரே ஷெல்லடிக்குத் தப்பி ஓடிவந்து, இங்கே ஒரே டிப்போவில் பஸ் ஓட்டினார்கள். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அன்று எங்கள் புதுக் கட்டிலின் பாகங்களைப் பொருத்திப் பூட்டித் தர வந்திருந்தார். வேலை முடிந்ததும் அம்மா தேநீர் கொண்டுவந்தார். அப்பாவுக்குப் பீங்கான் கோப்பை. மாமா வந்தால் எப்போதும் கடதாசிக் கப்தான். அன்றைக்கு, என் பிறந்தநாளில் மிஞ்சிய பலூன் படம் போட்ட கப்.

அம்மா கொதித்துப் போயிருந்தார். கீழ்வீட்டு நோர்வேக்காரிக்குக் கொடுத்த வடை, தட்டோடு அப்படியே எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது.

"எங்கடை கை பட்டதை வாயிலை வைக்க அவளுக்கு அருவருப்பு. நாங்களும் மனிசர்தானே அண்ணை?"

மாமா கையிலிருந்த கப்பைப் பார்த்தார். "ஓம், அது பெரிய கவலைதான்" என்றார். அப்பா தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கோ வேறு கவலை. என்னுடைய பலூன் கப் மாமாவுக்கு மட்டும் கிடைக்கிறதே! எனக்கும் அதில்தான் பால் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அம்மா கண்ணை உருட்டினார். நான் விடவில்லை. மாமாவின் மடியில் ஏறி, அவருடைய கப்பிலேயே வாயை வைத்து ஒரு மிடறு குடித்தேன். அம்மா பாய்ந்து வந்து முதுகில் ஒன்று வைத்து, என்னைக் குளியலறைக்கு இழுத்துப்போய் வாயைக் கொப்பளிக்க வைத்தார். கதவைச் சாத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அப்பா தரைவிரிப்பிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. டிப்போவில் தினமும் அந்த மனிதரோடு பகிர்ந்து சாப்பிட்டவர் அவர். அம்மாவைவிட அப்பாவை நினைத்தால்தான் எனக்கு இன்றும் கூசுகிறது. சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததேயில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது மாமா தேநீரை முழுவதும் குடித்து முடித்திருந்தார். குப்பைவாளி பக்கத்திலேயே இருந்தது. அவர் கப்பை மடித்துத் தன் ஜாக்கெட் பையில் வைத்துக்கொண்டார். "வாறன் பிள்ளை" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வரவேயில்லை.

அவருக்கும் என் வயதில் ஒரு மகள் இருந்தாள். கப்பை அவளுக்குத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்து, அன்று முழுக்கப் பொறாமையில் அழுதேன்.