நிஷா பேசுகிறேன்

பேபிக்கும் அவள் மகள் நிஷாவுக்கும் ஒரே குரல். போனில் கேட்டால் பேபியின் புருஷன் ஜெகதீசனுக்கே யார் பெண்டாட்டி, யார் மகள் என்று புரியாது. கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழ்ப்போர்ஷனில் குடியிருந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேபி சட்டைக்குக் காலர் தைப்பாள். லீவு போட்ட நாளில் சூப்பர்வைசர் கூப்பிட்டால், "அம்மாக்கு ஜுரம் சார், தூங்கினு கீறாங்க" என்று மகளாகப் பேசிவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பாள். நாங்களும் சிரிப்போம். கெட்டிக்காரி, வாயாலேயே பிழைத்துக்கொள்வாள் என்று தெருவில் பெயர்.

நிஷா பிளஸ் டூ. அரையாண்டில் மார்க் இறங்கியதும், எங்கள் பக்கத்து வழக்கப்படி, அவள் போன் பீரோவுக்குள் போனது. பொதுத்தேர்வு முடிந்தால்தான் வெளியே வரும். பெண் இளைத்தாள், பேச்சைக் குறைத்தாள். கேட்டால் "படிப்பு டென்ஷன்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைப் போட்டு எதையும் மூடிவிடுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

கம்பெனிக்குள் போன் எடுத்துப்போக விடமாட்டார்கள் என்பதால் பேபியின் போன் வீட்டில்தான் கிடக்கும். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த மாணவர் ஆலோசனை நம்பருக்கு நிஷா அதிலிருந்து பேசியிருக்கிறாள். எதிர்முனையில் இருந்த அனுசுயா மேடம், சனிக்கிழமை சாயங்காலம் தானே மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சனிக்கிழமை பார்த்து ஆர்டர் இல்லையென்று கம்பெனி லீவு. நிஷாவுக்கு டியூஷன் முடிய நேரமாகிவிட்டது. போனை எடுத்தது பேபி.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பேபியே இதை என்னிடம் சொன்னாள். நான் போனது வேறு விஷயத்துக்கு. முந்தின நாள் நிஷா தன் வெள்ளிக் கொலுசைக் கழற்றி என் மகள் மதிவதனியிடம், "நீயே வச்சுக்க" என்று கொடுத்திருந்தாள். அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"குடுத்தா இருக்கட்டும்க்கா. இப்பத்தான் அவ சிரிச்ச மூஞ்சியா கீறா" என்றாள் பேபி. அந்த நிம்மதியில் போன் கதையையும் அவிழ்த்தாள். "கவுன்சிலிங்குனு எவளோ ஒருத்தி பேசுறா. வெளிய தெரிஞ்சா பைத்தியம்னு பேரு கட்டிருவானுங்க. நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? அதான் நானே நிஷாவா பேசி அனுப்பிட்டேன்."

"அந்தம்மா என்ன கேட்டாங்க?"

"அந்த எண்ணம் இன்னும் வருதாம்மான்னாங்க. போயிடுச்சு மேடம்னேன். அம்மாகிட்ட சொல்லிட்டியான்னாங்க. சொல்லிட்டேன்னேன். இனிமே போன் பண்ணாதீங்கன்னுட்டேன்."

"எந்த எண்ணம் பேபி?"

"எவனாவது பையன் மேட்டரா இருக்கும்." சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. "போன் வந்துச்சாம்மான்னு தெனம் கேட்டுகினு இருந்தா. வரலன்னேன். இப்ப கேக்குறதில்ல."

என் கையிலிருந்த கொலுசைப் பார்த்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாய்க்குப் பயந்து இவள் மகள் வாயை அடைத்திருக்கிறாள். நிஷா எங்கே என்றேன். காலையிலேயே திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போனாளாம். நடை சாத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

"அந்த நம்பருக்கு இப்பவே போடு. உள்ளதை உள்ளபடி சொல்லு" என்று அதட்டினேன். போட்டாள். ஸ்பீக்கரில் அனுசுயா மேடத்தின் குரல் வந்தது.

"மேடம், நான் நிஷாவோட அம்மா பேசுறேன். அன்னிக்கு உங்ககிட்ட பேசுனது அவ இல்ல, நான்தான். அவ உங்ககிட்ட இன்னா சொன்னா மேடம்?"

அந்த அம்மாள் மிகவும் நிதானமாக, ஒரு குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"நிஷா, உன் குரல் எனக்குத் தெரியும்மா. அம்மா மாதிரி பேச வேணாம். கட் பண்ணிடாத. நீ இப்ப எங்க இருக்க, அத மட்டும் சொல்லு."

பேபி என்னைப் பார்த்தாள். யார் குரலில் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் ஊட்லதான் கீறேன் மேடம்" என்றாள் கடைசியில். "அவதான் இல்ல."