ஜெயசித்ராவின் மத்தியானத் தூக்கம்

புதுச்சேரியில் மத்தியானமானால் கடைகளே ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கும். ஊரே தூங்கும்போது உப்பளத்து ஜெயசித்ரா மட்டும் எதற்கு முழித்திருக்க வேண்டும்? சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, பெட்ரூமில் ஏசி போட்டு ஒரு தூக்கம். அதை நம்பித்தான் அவள் குடும்பமே நடத்தினாள்.

அதற்கு வேட்டு வைத்தது அவள் வாய்தான்.

புருஷன் ஆனந்தராஜுக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கடைக்காரர்களின் சரக்கு, விற்பனையெல்லாம் சேர்த்துவைக்கிற டேட்டாபேஸ் அவர்கள் தயாரிப்பு. கேட்டதற்கு அது எத்தனை வேகமாகப் பதில் சொல்கிறது என்று சோதிக்க, எல்லோருக்கும் பொதுவாகச் சில மெஷின்கள் வாங்கினார்கள். அதை எங்கே வைப்பது? ஆபீசுக்குக் கீழே கல்யாண மண்டபம்; முகூர்த்த நாளில் கரண்ட் தள்ளாடும். வெளியே வாடகைக்கு எடுத்தால் அதே மெஷினில் ஊரான் வேலையும் ஓடும். நேற்றைய வேகம் இன்றைக்கு இருக்காது. கடைசியில் முதலாளி மதிவாணன், பெண் பார்க்கிற மாதிரி, தன்னிடம் வேலை பார்க்கிறவர்களின் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

வந்த மனுஷனிடம் நம் வீட்டைக் குறைத்தா சொல்ல முடியும்? ஜெயசித்ரா பஜ்ஜித் தட்டை நீட்டினாள். "எங்க தெருவுல கரண்டே போவாது சார். சத்தம்னா என்னான்னே தெரியாது. பெட்ரூமைப் பாருங்க, ஏசி போட்டா ஊட்டி!"

மறுநாளே மெஷின்கள் ஊட்டிக்குக் குடிவந்துவிட்டன. புருஷனும் பெண்டாட்டியும் ஹாலில் ஃபேனுக்கடியில் பாய் விரித்தார்கள்.

"உள்ள யாரும் போவக் கூடாதாம்" என்றான் ஆனந்தராஜ்.

"சரி, போவல" என்று தலையாட்டியவள், மத்தியானம் அவன் ஆபீசில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கதவைத் திறந்தாள். மெஷினுக்கு வைத்த அத்தனை குளிர் ஒத்துக்கொள்ளாது என்று ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைத்தாள். போர்வையை இழுத்துவிட்டுத் தூங்கினாள். எழுந்ததும் பழையபடி வைத்துவிடுவாள். தினமும் இதுதான்.

தினமும் மத்தியானம் மெஷின் சூடேறிச் சோர்ந்தது. டேட்டாபேஸில்தான் கோளாறு என்று ஆபீசில் அத்தனை பேரும் ஒரு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் மதிவாணனே ஆனந்தராஜோடு நேரில் வந்து ரூம் கதவைத் திறந்தார். கோளாறு வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா! என்னாக்கா இது?"

ஜெயசித்ரா எழுந்து கொண்டையைப் போட்டாள். "என் ரூம்ல நான் தூங்கறன். புடிக்கலன்னா உங்க மிஷினைத் தூக்கிட்டுப் போங்க."

மதிவாணன் தலையைச் சொறிந்தார். "அதான் முடியாதுக்கா. ஒரு மாசம் எடுத்த கணக்கு பூரா உங்க தூக்கத்தோட எடுத்தது. இப்ப நீங்க தூங்காம விட்டா, பழசையும் புதுசையும் ஒப்பிடவே முடியாது. தயவு பண்ணி தெனம் இதே மாதிரி தூங்குங்க."

மறுவாரம் காலாப்பட்டில் ஜெயசித்ராவின் அக்கா பேத்திக்குக் காது குத்து. முக்கியமான சோதனை ஓடுகிறது, போகாதீர்கள் என்று மதிவாணன் கெஞ்சினார்.

"அடப்பாவி, காது குத்துக்குப் போவாம நான் தூங்கிக்கினு கெடக்கணுமா? அவ்ளோ அவசரம்னா நீயே வந்து தூங்கு!"

கோபத்தில் மரியாதை போய்விட்டது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தலையணையோடு வந்துவிட்டார். வந்தவர் ஏசியை முழுசாகக் கூட்டிவிட்டுக் குறட்டை விட்டார். மெஷின்கள் பறந்தன. டேட்டாபேஸை அபாரமாகத் திருத்திவிட்டோம் என்று ஆபீசில் கேக்கே வெட்டிவிட்டார்கள்.

மறுநாள் ஜெயசித்ரா படுத்தாள். வேகம் பழைய நிலைமைக்கே வந்தது. மீதிக் கேக்கை யாரும் தொடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே கம்பெனி முடிவெடுத்தது: அந்த ரூமில் மத்தியானம் ஜெயசித்ரா மட்டுமே தூங்க வேண்டும். வேறு ஆள் கூடாது, அவள் ஏசியை யாரும் தொடக் கூடாது, பாதியில் எழுப்பக் கூடாது. காவலுக்கு, ஆனந்தராஜ் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கலாம்.

இப்போது ஹாலில் வியர்வை வடிய லேப்டாப்போடு அவன் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து வீட்டு பார்வதி வாசலில் வந்து கூப்பிட்டாள்.

"ஜெயா இல்லையா அண்ணா?"

"உஷ்!" என்றான் ஆனந்தராஜ். "வேலையில இருக்கா."