இரவல் போய் வந்த பை

அமெரிக்காவில், டாலஸை ஒட்டிய இர்விங்கில் அபார்ட்மெண்ட் எடுத்து இருந்த வருடங்களில், விலை உயர்ந்த கைப்பை வாங்குகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரே அபிப்பிராயம்தான்: ஏமாளிகள். தோலில் ஒரு பெயரைப் பொறித்து அவர்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆபீசில் யாராவது அப்படி ஒன்றை மேஜைமேல் வைத்தால், வீட்டுக்காரர் என்ன தப்பு செய்தாரோ, சமாதானத்துக்கு வாங்கித் தந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கி வந்த பிறகு அந்த எண்ணம் எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை. கொலுவுக்கோ வளைகாப்புக்கோ போனால், வாசலை ஒட்டிய பெஞ்சில் பெண்களின் பைகள் வரிசையாக இருக்கும். நான் மட்டும் என்னுடையதைக் கீழே, செருப்புகளுக்குப் பக்கத்தில் வைப்பேன். நாற்பது முடிந்த மாதம் ப்ரமோஷனும் வந்தது. டாலஸில் ஒரு மாலுக்குப் போய், மெரூன் நிறத்தில் ஒன்றை எடுத்தேன். விற்ற பெண் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அதைத் தூக்கிக் காட்டினாள். என் கணவர் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள இஞ்சின் ஏதாச்சும் இருக்குதா?" என்றார்.

முதல் மாதத்திலேயே கார் சீட் பெல்ட்டின் கொக்கி இடித்து, பையின் அடியில் ஒரு கீறல் விழுந்தது. விரல் நகம் அளவுதான். வேறு யார் கண்ணுக்கும் படாது. நான் தினமும் அதைத் தடவிப் பார்ப்பேன்.

எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு சென்னைக்காரி இருந்தாள். அவள் பெண்ணும் என் பெண்ணும் ஒரே வகுப்பு. காலையில் இரண்டு பேரையும் அவள் பள்ளியில் விடுவாள், சாயங்காலம் நான் அழைத்து வருவேன். இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே நெருக்கமான தோழி அவள். தம்பி கல்யாணத்துக்குச் சென்னை கிளம்புவதற்கு முன்தினம் வந்து, "ரிசப்ஷனுக்கு மட்டும் உன் மெரூன் பேக் குடுப்பியா? புடவைக்கு அப்படியே மேட்ச் ஆகும்பா" என்றாள். கொடுத்தேன். கொடுக்கும்போது சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு வாரத்தில் அவள் திரும்பி வந்தாள். பை வரவில்லை.

"ஒரு பெட்டி மிஸ் ஆயிடுச்சுப்பா. ஏர்லைன்ல கம்ப்ளெயிண்ட் பண்ணியிருக்கோம். உன் பேக் அதுலதான் இருக்கு."

அந்தப் பையைப் போய் யாராவது செக்-இன் பெட்டியில் வைப்பார்களா? அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் தட்டியது. அந்த வாரக் கடைசியில் மளிகைக் கடையில் அவள் கணவரைப் பார்த்த என் கணவர், பெட்டி கிடைத்ததா என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் விழித்தாராம். "எந்தப் பெட்டி? எல்லாம் வந்துடுச்சே!"

மூன்று வாரம் கழித்து, பெட்டி கிடைத்துவிட்டது என்று மைசூர்பாகு டப்பாவோடு பையைக் கொண்டுவந்து தந்தாள். அவள் போனதும் ஜன்னல் வெளிச்சத்தில் பையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் கீறல் இல்லை. ஜிப்பின் இழுப்பான் புதுசாக மின்னியது. என் பையின் உள்ளே இருந்த வாசனைகூட இல்லை.

மாற்றிவிட்டாள். என்னுடையதை வைத்துக்கொண்டு, போலி ஒன்றைத் தந்துவிட்டாள். அன்றைக்கு இதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை.

அதன்பிறகு பூதக்கண்ணாடி வாங்கினேன். போலிப் பையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லும் வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்தேன். ஒரு வீடியோவில் தையல் சாய்வாக இருந்தால் போலி என்றார்கள். இன்னொன்றில் நேராக இருந்தால் போலி என்றார்கள். இரண்டுமே என் பைக்குப் பொருந்துவதுபோல் இருந்தது.

"நேரா அந்தப் புள்ளைகிட்டயே கேட்டுப் போடறதுதானே? எதுக்கு இப்படி உத்து உத்துப் பாத்துட்டு இருக்கற?" என்றார் கணவர்.

"கேட்டா ஒத்துக்குவாளா? நீங்க வேற."

அவளிடம் கேட்காத நான், இன்னொருவரிடம் சொன்னேன். கோவில் கேண்டீனில் தோசைக்கு வரிசையில் நின்றபோது, எனக்கும் அவளுக்கும் தெரிந்த ஒரு அக்கா, "புது பேக்கா? நல்லாருக்கே!" என்றார். "என்னோடதுதான்க்கா. ஆனா என்னோடதுதானான்னு தெரியல" என்று ஆரம்பித்தேன். டோக்கன் நம்பர் கூப்பிடுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை, பழைய கைப்பைகளை வாங்கி விற்கும் ஒரு கடைக்கு, விற்க வந்தவள்போலப் போனேன். கவுண்டரில் இருந்த இளம்பெண் லென்ஸை வைத்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தாள். உள்ளே மடிப்பில் ஒளிந்திருந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்தாள். அசல்தான் என்றாள். ஜிப்பை மாற்றியிருக்கிறார்கள், அடித்தோலுக்கு நிறம் ஏற்றியிருக்கிறார்கள், இரண்டும் பையைத் தயாரித்த கம்பெனியே செய்த வேலை என்றாள். நான் வாங்கியபோது தந்த அட்டையைக் காட்டினேன். எண் ஒத்துப்போனது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னொரு முறை பாருங்கள் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பை போலியாக இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என் தோளில் இருந்த பையைப் பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஜிப் மாத்தினியா?" என்றேன்.

"மேடையில புடவை ஜரிகை மாட்டிக்கிச்சு. இழுத்தேன், பிச்சுக்கிச்சு. இங்க வந்ததும் நீ வாங்கின கடையிலயே ரிப்பேருக்குக் குடுத்தேன். அடியில இருந்த ஸ்கிராட்ச்சும் நான்தான் பண்ணேன்னு நெனச்சு, அதையும் சரி பண்ணச் சொன்னேன்."

"அப்போ பெட்டி காணாமப் போச்சுன்னு..."

"பொய்தான். நீ பேக்கைக் குடுக்கறப்போ உன் முகத்தைப் பார்த்தேனே. பிஞ்சுபோச்சுன்னு எப்படிச் சொல்வேன்? வீட்டுல அவர்கிட்டகூட சொல்லல."

"சாரி. நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்."

"தெரியும். அந்த அக்கா நாலு நாள் முன்னாடியே கேட்டுட்டாங்க, உண்மையான்னு." அவள் குரல் உயரவே இல்லை. "நீ வந்து கேப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பேக் ஒரிஜினல்னு செக் பண்ணிட்டுத்தான் வந்திருக்க, இல்ல?"

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. ஆமாம் என்றேன்.

அக்காவிடம் போய் நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். "அப்படியா? சரி சரி" என்றார். அவர் என்னை நம்பினாரா, தோழிக்காகப் பூசி மெழுகுகிறேன் என்று நினைத்தாரா, தெரியாது. வேறு யாரிடமெல்லாம் சொல்லியிருந்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பையை விற்றுவிட்டேன். ஞானம் வந்து விற்கவில்லை. கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த ரிப்பேர் ரசீதை அவளிடம் கேட்டு வாங்கிப் பார்த்தால் என்ன என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதைத் தாங்க முடியாமல் விற்றேன். இப்போது அந்த மாதிரிக் கடைகளைத் தாண்டும்போது எனக்கு ஆசை வருவதில்லை, இளக்காரமும் வருவதில்லை. அப்படி ஒன்றை மறுபடி வாங்கினால் நான் என்ன ஆவேன் என்ற பயம் மட்டும் இருக்கிறது.

காலையில் அவள்தான் இன்னும் குழந்தைகளைப் பள்ளியில் விடுகிறாள். முன்பெல்லாம் காரை நிறுத்தி இறங்கி வருவாள்; இப்போது ஹாரன் அடிக்கிறாள். அவள் பெண்ணின் பர்த்டேக்குக் கூப்பிட்டாள், போனேன். அந்த அக்காவும் வந்திருந்தார். போன வாரம் பெய்த ஆலங்கட்டி மழையில் யார் வீட்டுக் கூரைக்கு எவ்வளவு சேதம் என்று மூன்று பேரும் வெகுநேரம் பேசினோம். கிளம்பும்போது அவள் கேக் துண்டு ஒன்றை டப்பாவில் போட்டு, என் கையில் தராமல், என் மகளிடம் கொடுத்தாள்.