முப்பத்தேழாம் பக்கத்தில் நீட்டிய நாக்கு

குற்றச்சாட்டு: கடந்த மார்ச் ஒன்பதாம் தேதி உங்கள் மிட்டாய்த் தொழிற்சாலை வெளியிட்ட அறுபதாம் ஆண்டு மலரின் முப்பத்தேழாம் பக்கத்தில், என் அக்காவின் புகைப்படத்தை அவளைக் கேட்காமல் அச்சிட்டிருக்கிறீர்கள். ஸ்டூல் மேல் நின்று நாக்கை நீட்டும் பெண்ணின் படம் அது. கீழே, ‘எங்கள் சிவப்பு மிட்டாயில் மயங்கிய குறும்புக்காரி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படம் எடுக்கப்பட்டபோது அவள் தண்டனையில் நின்றிருந்தாள். அதற்கான ஆதாரங்கள் என்னிடம் உள்ளன.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குப் போனவள் இல்லை. அச்சகத்தில் புத்தகம் தைக்கும் வேலையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தேன். தைத்த தாள்களை வாசித்தே எழுதக் கற்றேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். செய்தியைத் திருத்தாதீர்கள்.

மலர் முழுக்க மிட்டாய் நினைவுகள். எனக்கும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் உடைசல் பொட்டலம் தருவீர்கள். அதில் சிவப்புத் துண்டு கிடைத்தால் நான் கடிக்க மாட்டேன். கன்னத்தில் ஒதுக்கி, தெருமுனையிலிருந்து வீட்டு வாசல்வரை கரையவிடுவேன். முதலில் இனிப்பு, பிறகு ஊசி குத்துவது போன்ற புளிப்பு, கடைசியில் கண்ணாடிச் சில்லு போல மெலிந்து நாக்கில் ஒட்டும். பிள்ளைகள் நாக்கை நீட்டி யாருடையது அதிகச் சிவப்பு என்று பந்தயம் கட்டுவோம். அந்தச் சாயம் இரண்டு நாள் போகாது.

சாயம் போகாது என்பதால்தான் உங்கள் வாசலில் நாக்குச் சோதனை நடந்தது. மாலை சங்கு ஊதியதும், அக்கா உட்படப் பொட்டலம் மடிக்கும் பெண்கள் பதினான்கு பேரும் வரிசையில் நின்று, மேற்பார்வையாளரிடம் நாக்கைக் காட்டிவிட்டு வெளியேற வேண்டும். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் நாக்கு வாத்தியார்.

“நல்லா நீட்டு. பேசறப்போ மட்டும் முழம் நீளுதே!” என்பார் அவர்.

“தினமும் பாக்கறீங்களே சார், எங்க நாக்குல ஏதாவது எழுதியா இருக்கு?” என்பாள் அக்கா. வரிசை முழுக்கச் சிரிக்கும். பத்தொன்பது வயதில் அக்கா அப்படித்தான் இருந்தாள். அவள் சிரித்தால் கடைவாய்ப் பல்வரை தெரியும்.

அந்தப் பெண்கள் மிட்டாய் தின்றார்களா என்றால், தின்றார்கள். எல்லோரும் வெள்ளை மிட்டாய்தான் தின்றார்கள். அதில் சாயம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே புதியவளுக்குச் சொல்லித்தரும் பாடம் அது. எனவே திருடுகிறவள் சிவப்பைத் தொடமாட்டாள். பதினான்கு பேருக்கும் தெரிந்த இந்த விஷயம் நாக்கு வாத்தியாருக்கும் தெரியும். இதை என் முதல் வாதமாகக் கொள்ளவும்.

இரண்டாவது, பாகு மாமா. சர்க்கரைப் பாகு காய்ச்சுகிறவரை எல்லோரும் அப்படித்தான் அழைத்தோம். கொதிபாகு வாயில் தெறித்து அவர் நாக்கு செத்துப்போயிருந்தது. உப்பும் இனிப்பும் அவருக்கு ஒன்றுதான். நிர்வாகத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்துவந்தார். நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் மூன்றாம் தேதி, சிவப்புப் பாகில் புளிப்பு உப்பை ஒரு தடவை போட்டோமா, இரண்டு தடவையா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அக்காவைக் கூப்பிட்டார்.

“பாப்பா, கொஞ்சம் வாயில போட்டுச் சொல்லேன். புளிப்புத் தூக்கலா?”

“ஐயோ மாமா, பல்லெல்லாம் கூசுது! இத வித்தா ஊரே பல் டாக்டர்கிட்ட போகும்.”

அவர் பாகைச் சரிசெய்தார். உங்கள் சரக்கு தப்பியது. மாலையில் அக்காவின் நாக்கு சிவப்பாக இருந்தது.

அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்தார். மூன்று பெண்களின் தகப்பன் அவர். அக்கா அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளை வாசலில் ஸ்டூல் போட்டு ஏற்றி, அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் உள்ளே போய் முடியும்வரை நாக்கை உள்ளே இழுக்கக்கூடாது என்றார்கள். அன்று காலண்டருக்குப் படம் எடுக்கப் புகைப்படக்காரர் வந்திருந்தார். மேலாளர் சொன்னார்: “இதையும் ஒண்ணு எடுத்துக்கங்க. நோட்டீஸ் போர்டுக்கு ஆகும்.”

நீங்கள் அச்சிட்டிருப்பது அந்தப் படம். நோட்டீஸ் போர்டில் ஏழு மாதம் தொங்கிய பிரதியைக் கூட்டுகிற அம்மாள் எடுத்துத் தந்தார். அதில் உங்கள் மேலாளரின் கையெழுத்தில், ‘திருடினால் இதுதான் கதி’ என்று இருக்கிறது. நகல் இணைத்துள்ளேன்.

இனி நான் எழுதப்போவது எனக்கே எதிரானது. ஆனாலும் எழுதுகிறேன். அன்று அக்காவை அழைத்துவர வாசலுக்குப் போயிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. வாயில் சிவப்பு மிட்டாய். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். “தங்கச்சி, நீயும் காட்டுடி!” என்று யாரோ கத்தினார்கள். நான் என் சிவப்பு நாக்கை அவளுக்கு நீட்டிக் காட்டினேன். கூட்டம் கைதட்டியது. படத்தைப் பாருங்கள். அக்காவின் கண் கேமராவைப் பார்க்கவில்லை, கீழே இடப்பக்கம் பார்க்கிறது. அங்கேதான் நான் நின்றேன்.

அக்காவின் வேலை போனது. கூடவே என் பள்ளிக்கூடமும் போனது. அக்கா ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் தேய்த்தாள். பெண் பார்க்க ஒரே ஒரு குடும்பம் வந்தது. எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது மாப்பிள்ளையின் தாய், “எங்கே, நாக்கக் காட்டும்மா, சாயம் போயிடுச்சான்னு பாப்போம்,” என்றார். விளையாட்டாகச் சொன்னாராம். அக்கா எழுந்து உள்ளே போனவள்தான். அதன்பிறகு பேசும்போதும் சாப்பிடும்போதும் கையால் வாயை மூடிக்கொள்வாள். அவள் பல்லை நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது.

பாகு மாமா சாவதற்கு முன்பு நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார், உங்கள் மிட்டாய் லேபிளின் பின்பக்கத்தில். அதன் நகலும் இணைப்பில் உண்டு. அக்காவிடம் காட்டினேன். “இப்ப எதுக்கு? பத்திரமா வையி,” என்றாள். வைத்தேன்.

ஏழு மாதமாக அக்கா சோற்றைக் கரைத்துக் குடிக்கிறாள். தலையணை உறையில் ரத்தம் பார்த்த பிறகுதான் நாக்கில் புண் என்று எனக்குத் தெரிந்தது. மருத்துவர் “ஆ காட்டுங்க” என்றார். அவள் எழுந்து வந்துவிட்டாள். மூன்று வாரம் கெஞ்சினேன். சரி, வருகிறேன் என்றாள். அடுத்த நாள் என் மகள் உங்கள் மலரை எடுத்துவந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

“பெரியம்மா, இது நீங்கதானே? என்ன சேட்டை பண்ணியிருக்கீங்க!” என்று சொல்லி, தானும் நாக்கை நீட்டிக் காட்டினாள்.

அக்கா வாயை மூடினாள். சொந்த வீட்டுப் பிள்ளை அவளுக்கு நாக்கை நீட்டிக் காட்டியது, நாற்பத்தெட்டு ஆண்டுகளில் இது இரண்டாம் முறை.

உங்கள் மலர்க்குழு அலுவலரிடம் தொலைபேசியில் பேசினேன். “எல்லாருக்கும் அந்தப் பக்கம்தாம்மா ரொம்பப் பிடிச்சிருக்கு,” என்றார். அக்காவின் பெயருக்கு ஒரு டப்பா மிட்டாய் அனுப்பினார். சிவப்பு. முத்திரை உடைக்காமல் திருப்பி அனுப்புகிறேன்.

இம்மாதம் இருபத்துமூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு அக்கா மருத்துவரை மறுபடி பார்க்க வேண்டும். நான் சொன்ன அறிகுறிகளைக் கேட்டு, இதைவிடத் தள்ளினால் நாக்கையே எடுக்க நேரிடலாம் என்கிறார் அவர். அக்கா சொல்வது ஒன்றுதான்: “நான் திருடலன்னு அவங்க எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் வாயத் திறக்கறேன்.”

ஆகவே, அவள் உங்கள் சரக்கைக் காக்கவே அந்தப் பாகை வாயில் வைத்தாள், திருடவில்லை என்று நிறுவனத்தின் தாளில், முத்திரையுடன் எழுதித் தாருங்கள். மீதமுள்ள மலர்களிலிருந்து அந்தத் தாளை நீக்குங்கள். தைத்த புத்தகத்தில் அது முடியாது என்று சொன்னால், ஊசி நூலோடு நானே வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டாம். இருபத்திரண்டாம் தேதி மாலைக்குள் எழுத்துமூலம் பதில் தேவை.