நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முழங்கால்கள்

இரும்புக்கடைக்காரர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவர். பழைய இரும்பைத் தோளில் சுமந்தே மூன்று மாடிக் கடை எழுப்பியவர். பட்டம் வாங்கியவர்கள் அவரிடம்தான் சம்பளம் வாங்குகிறார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் ஊரார் காதில் விழும்படி 'வலிக்குது' என்று சொன்னதே கிடையாது. முனகலெல்லாம் மனைவிக்கு மட்டும்தான்.

அவருடைய வலது முழங்காலுக்குச் செயற்கை மூட்டு வைத்த ஆஸ்பத்திரி, ஒரு வருடம் கழித்துப் போன் போட்டது.

"ஐயா, நோயாளிகள் பதிவேட்டுக்காகக் கேக்கறோம். கால் எப்படி இருக்கு? மாடி ஏற முடியுதா?"

அப்போது அவர் கடையின் முதல் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாடிக்கையாளர்கள் வேறு.

"ஏறுறதா? ஓடுறேன்மா. என்னை யாருன்னு நெனச்சே?"

பதிவேட்டில் 'மிக நன்று' என்று ஏறியது. இவரைப் போன்ற சூரர்கள் ஊரில் ஏராளம். போனை எடுக்காதவர்களையும் குறை சொல்லாதவர்களோடு சேர்த்துக்கொண்டார்கள். செத்தவனைவிடக் குறை சொல்லாதவன் யார் இருக்கிறான்? ஆஸ்பத்திரி வாசலில் பெரிய பலகை முளைத்தது: நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்குப் பூரண குணம்.

அடுத்து மனைவியின் முழங்காலும் தேய்ந்தது. மகள் அந்தப் பலகையைப் படம் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மாவையும் இங்கயே சேத்துடலாம்பா. நாளைக்கே தேதி வாங்கிடறேன்."

வாயைத் திறந்தால் இவர் மானம் போகும், மூடினால் அவள் கால் போகும். நைசாக வெளியே போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"அம்மாடி, என் கால் சரியில்ல. மாத்தி எழுதிக்கோ."

"அந்த வருஷக் கணக்க முடிச்சாச்சுங்க ஐயா. எங்க பதிவுப்படி உங்க கால் ரொம்ப நல்லா இருக்கு."

"கால் என்கிட்ட இருக்கும்மா."

"பதிவு எங்ககிட்ட இருக்குங்க."

வேறு வழியில்லை. நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"அந்த ஆஸ்பத்திரி வேணாம். எனக்கு இன்னும் வலிக்குது."

மகள் திகைத்தாள். "அப்போ அந்தத் தொண்ணூத்தெட்டு?"

"அதுல நானும் ஒருத்தன்."

மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பலகைய யாரு பாத்தா? நான் தெனம் உங்க நடையத்தானே பாக்கறேன். வேற டாக்டர்கிட்ட அப்பவே தேதி வாங்கிட்டேன். என்கிட்ட முனகறத மக முன்னாடியும் உங்க வாயால ஒருவாட்டி சொல்லட்டும்னுதான் சும்மா இருந்தேன்."

மறுவருடம், அவளுக்கு மூட்டு வைத்த ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கும் போன் வந்தது. பழக்கதோஷம், இவர் கை நீண்டது.

"குடு, நான் சொல்றேன்."

"உங்க காலுக்கு நீங்க சொன்னது போதும். என் காலுக்கு நானே பேசிக்கிறேன்."